வெளிநாட்டுக்குப் போன படம்

வலைப்பதிவு எழுதத் தொடங்கிய காலத்தில் படங்களைப் பற்றி எனக்கு இருந்த அறிவு தேத்தண்ணிக் கடைக் கலண்டர் அளவுதான். எழுத்து ஒரு பக்கம், வடிவான படம் ஒரு பக்கம். இரண்டுக்கும் ஏதாவது சொந்தம் இருக்கவேண்டும் என்று நான் நினைத்ததேயில்லை. உருத்திரபுரத்தில் மாரி மழைக்கு வாய்க்கால் உடைந்து எங்கள் வளவுக்குள் வெள்ளம் ஏறியதைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். அதன் தலைமாட்டில், இணையத்தில் எங்கேயோ கிடந்த பூந்தோட்டப் படம் ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டேன். அடுத்த கிழமை போய்ப் பார்த்தால், வாசித்தவர் ஒருவர் கீழே பின்னூட்டம் எழுதியிருந்தார்: "உருத்திரபுரத்தில எப்ப தொடக்கம் துலிப் பூக்குது? எங்களுக்கும் ரெண்டு கிழங்கு அனுப்பிவிடுங்கோ."

வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது செய்து முடித்தால்தான் அடங்கும். அன்றைக்கே துலிப்பைத் தூக்கி எறிந்தேன். இனிமேல் என் பதிவில் வரும் படம் நான் எழுதிய விஷயத்தின் படமாகத்தான் இருக்கவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

சமாதான காலம் என்று நாங்கள் சொன்ன வருடங்கள் அவை. சண்டையில் மூடிக்கிடந்த கண்டி வீதி திறந்திருந்தது. கிளிநொச்சி நகரில் ஒரு கணினி நிலையம் வந்திருந்தது. நாலு கணினி, ஒரு தொலைபேசி இணைப்பு, பின்பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேற்றர். நான் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். கிழமை நாட்களில் வீட்டில் கொப்பியில் எழுதி வைப்பேன். சனிக்கிழமை சைக்கிளில் நகருக்குப் போய்த் தட்டெழுதி ஏற்றுவேன். பெரிய படம் என்றால் திரையில் மேலிருந்து கீழே விரல் விரலாக இறங்கும், பாதியில் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே படத்தைச் சுருக்கப் பழகினேன். படத்தின் கீழே ஒரு வரியாவது எழுதவேண்டும் என்றும் பழகினேன். ஆட்கள் பதிவை வாசிக்காவிட்டாலும் அந்த ஒரு வரியை வாசிப்பார்கள். வாசித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் படலையடியில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். வெயிலுக்குத் தலையில் சுற்றியிருந்த துவாய் கண்வரை இறங்கியிருந்தது. அக்கராயனில் வயல் செய்கிறவர், உழவு மெஷினும் ஓடுகிறவர். எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவரின் சொந்தக்காரர் என்று சொன்னார்.

"ரீச்சர், நீங்கள் கொம்பியூட்டரில எழுதிறதை வெளிநாட்டில ஆக்கள் பாக்கினமாம். உண்மையோ?"

"ஓம், கொஞ்சப் பேர் பாக்கினம்."

"என்ர அக்காவும் பாப்பாவோ?"

உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினேன். அவர் நுனியில்தான் இருந்தார். துவாயை அவிழ்க்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்கியபோது அவருக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. மாமன் குடும்பத்தோடு அக்காவை மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். தாயும் தகப்பனும் அவரும் அக்கராயனிலேயே நின்றுவிட்டார்கள். இந்தியாவிலிருந்து மூன்று கடிதம் வந்தது. அதன் பிறகு ஊரே இடம்பெயர்ந்தது. கடிதங்கள், விலாசம், வீட்டில் இருந்த படங்கள் எல்லாம் அந்த ஓட்டத்தில் போய்விட்டன. மாமன் குடும்பம் பிறகு வேறு நாட்டுக்குப் போனதாகக் கேள்வி. எந்த நாடு என்று தெரியாது. தகப்பன் இடம்பெயர்ந்திருந்த இடத்திலேயே காலமானார். தாய் போன வருடம்.

"இப்ப நான் தனிய," என்றார். "அவாவும் எங்கேயோ தனியத்தான் இருப்பா. அம்மா போனதைச் சொல்லவேணும்."

நான் கொப்பியை எடுத்து எல்லாவற்றையும் எழுதினேன். தாய் பெயர், தகப்பன் பெயர், அவர் பெயர், அக்காவின் பெயர், அவர்களுடைய வயல் வாய்க்காலின் இலக்கம் வரைக்கும். பதிவில் எல்லாப் பெயர்களும் இருந்தன. இங்கே போடவில்லை. பிறகு, எல்லாம் தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன்: "படம் இல்லாட்டி ஆக்கள் கடந்து போயிடுவினம். ரவுணில ஸ்டூடியோவுக்குப் போய் முகம் தெளிவாத் தெரியிற மாதிரி ஒரு படம் எடுங்கோ. வெளிநாட்டுக்குப் போற படம் எண்டு சொல்லுங்கோ, அவர் வடிவா எடுத்துத் தருவார்."

கடைசியாகச் சொன்ன அந்த வசனத்தை நான் சொல்லியிருக்கக்கூடாது. எங்கள் ஊரில் கட்டாத இளந்தாரி ஒருவனின் படம் வெளிநாட்டுக்குப் போகிறது என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான், கலியாணப் பேச்சு. சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அடுத்த சனி அவர் ஸ்டூடியோவில் கொடுத்த பிளொப்பியைக் கொண்டுவந்து தந்துவிட்டு, வேலை கிடக்கிறது என்று போய்விட்டார். திரையில் திறந்தால் கோட்டும் ரையும் போட்ட ஒரு கனவான். பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி விழுந்துகொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்திருந்தது. நான் தனியாக இருந்து சிரித்தேன். நீர்வீழ்ச்சியை மட்டும் வெட்டி எடுத்தேன். துலிப்பில் படித்த பாடம் இருந்ததல்லவா! முகம் பளிச்சென்று இருக்கிறது, நல்ல படம் என்றுதான் நினைத்தேன். அதைப் பதிவின் மேலே வைத்து, கீழே அவருடைய பெயரையும் "அக்காவைத் தேடுகிறார்" என்றும் எழுதினேன்.

முதல் கிழமை பின்னூட்டங்கள் குவிந்தன. "மாப்பிள்ளை என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டார். "எங்கட மச்சாளுக்குப் பொருத்தமா இருக்கும், சாதகம் அனுப்ப முடியுமோ?" என்று இன்னொருவர். பதிவை வாசித்து மனம் கசிந்தவர்கள் இரண்டு பேர். எனக்கு எரிச்சல் வந்தது. தேடுகிறது அக்காவை, கிடைக்கிறது மாமியார்.

பிறகு பள்ளிக்கூடத்தில் தவணைச் சோதனை வந்தது. தாள் திருத்துகிற அவசரத்தில் ஒரு சனிக்கிழமை போகவில்லை. மற்றச் சனி போனபோது எல்லாவற்றுக்கும் கீழே ஒரு பின்னூட்டம் கிடந்தது. பெயர் இல்லை, மின்னஞ்சல் இல்லை. போட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது.

"பெயர்கள் எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. ஊரும் அதே ஊர். வாசிக்க வாசிக்க நெஞ்சு அடைத்துவிட்டது. ஆனால் படத்தில் இருப்பவர் என் தம்பி இல்லை. என் தம்பியின் இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாக இருக்கும். அப்படியென்றால் இறந்துபோனதும் என் அம்மா இல்லை. கடவுளுக்கு நன்றி. இந்தத் தம்பிக்கு அவருடைய அக்கா கிடைக்கவேண்டும்."

நான் மேலே போய்ப் படத்தைப் பார்த்தேன். இரண்டு புருவமும் அடிமட்டம் வைத்துக் கீறினதுபோல் ஒழுங்காக இருந்தன. அவரை நேரில் கண்டது இரண்டே தரம். முதல் தரம் துவாய் மறைத்திருந்தது. இரண்டாம் தரம் நான் பிளொப்பியைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கணிதம் படிப்பிக்கிறவள், விடையைச் சரிபார்க்காமல் அனுப்பியிருக்கிறேன்.

அந்த மனுசியைப் பிடிப்பதற்கு வேறு வழியே இல்லை. அவா திரும்ப அந்தப் பக்கத்தைத் திறந்தால்தான் உண்டு. தன் வீடு இல்லை என்று முடிவுகட்டிப் போனவா எதற்குத் திரும்ப வரப்போகிறா? உடனே கீழே எழுதினேன்: "அக்கா, தயவுசெய்து இந்தப் பக்கத்தைத் திரும்பவும் வந்து பாருங்கள். படத்தில் பிழை இருக்கலாம். சரியான படம் போடுகிறேன்." எழுதிவிட்டு எழும்பி, மிச்ச நேரத்தைக்கூடப் பாவிக்காமல் ஸ்டூடியோவுக்குப் போனேன்.

ஸ்டூடியோக்காரர் ஐம்பது வயது மனுசன். என்னைக் கண்டதும் சந்தோசமாக எழும்பினார்.

"அண்ணை, அக்கராயன் ஆளின்ர புருவத்தில வெட்டு ஒண்டு இருந்ததோ?"

"இருந்தது பிள்ளை. பெரிய வெட்டு. நான்தான் எடுத்துவிட்டனான். தெரியவேயில்லை என்ன?"

அவர் நன்றியை எதிர்பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஆர் உங்களை எடுக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"வெளிநாட்டுக்குப் போற படம் எண்டு பொடியன் சொன்னவன். வெட்டோட அனுப்பினா பொம்பிளை வீட்டார் சண்டியன் எண்டெல்லே நினைப்பினம்! அதுக்கெண்டு நான் ஒரு சதமும் கூட வாங்கேல்லை."

என்னுடைய வசனம் சுற்றிவந்து என்னிடமே நின்றது. திருத்தாத படத்தைக் கேட்டேன். கணினியில் இடமில்லை என்று அழித்துவிட்டாராம். கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்த பின்னூட்டத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். மேசையில் இருந்த துணியை எடுத்துக் கமராவின் கண்ணாடியைத் துடைத்தார்.

"நாளைக்குக் காலமை அக்கராயனுக்கு வாறன், பிள்ளை. நீங்கள் போய் அவனை மறிச்சு வையுங்கோ. சவரம் செய்ய விடாதேங்கோ, உடுப்பு மாத்த விடாதேங்கோ."

ஞாயிறு விடிய, வெள்ளாப்பிலேயே சைக்கிளை எடுத்தேன். கிறவல் ரோட்டில் பள்ளம் பார்த்துப் பார்த்து மிதித்து நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வயலுக்குப் போகப் புறப்பட்டு நின்றார். முகத்தில் துவாய் இல்லை. இடது புருவம் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு மயிரில்லாமல் பிளந்து கிடந்தது. எந்தக் குருடியும் கண்டிருப்பாள். கொப்பியை அவர் கையில் கொடுத்தேன். அவர் மெதுவாக வாசித்தார். ஒரு இடத்தில் நின்று, திரும்பவும் அந்த இடத்தையே வாசித்தார்.

"அப்ப அக்கா உயிரோட இருக்கிறா," என்றார்.

"ஓம்."

"அம்மாவும் உயிரோட இருக்கிறா எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா, என்ன?"

சைக்கிளில் வரும்போது எனக்கு வேகம் மட்டும்தான் இருந்தது. எடுக்கவேண்டிய படம், சுருக்கவேண்டிய அளவு, வைக்கவேண்டிய இடம், எல்லாம் தலைக்குள் வரிசையாக இருந்தன. 'கடவுளுக்கு நன்றி' என்ற சொல் இருந்த இடத்தை நான் சரியாக வாசிக்கவேயில்லை. சரியான படத்தைப் போட்டால் அந்த மனுசிக்குத் தம்பி வருவான், அதே நிமிசத்தில் தாய் செத்துப்போவா. எனக்கு முதல் தரமாகக் கை தளர்ந்தது.

"அண்ணை, வேண்டாமெண்டா விடுவம்," என்றேன்.

அவர் தலையாட்டினார். "இல்லை ரீச்சர். அம்மாவுக்குக் கொள்ளி வைக்க நான் இருந்தன். விழுந்து அழ ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கேல்லை. அக்கா அழத்தான் வேணும். போடுங்கோ."

அதற்குப் பிறகு நான் தயங்கவில்லை. வெட்டு எப்படி வந்தது என்று கேட்டேன். படத்தின் கீழே எழுதுவதற்கு உதவும் என்பதுதான் என் எண்ணம். அவருக்கு அப்போது ஆறு வயது. அக்கா அப்பாவின் சைக்கிளில் பாருக்குக் கீழே காலை விட்டு ஓடப் பழகிக்கொண்டிருந்தா. அவரைப் பின்னால் கரியரில் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கட்டால் போனபோது மதகில் மோதி இரண்டு பேரும் விழுந்தார்கள். சீமெந்து விளிம்பு புருவத்தைப் பிளந்தது. சைக்கிளைத் தொடக்கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அக்காவுக்கு அடி விழும் என்ற பயத்தில், மதகில் ஏறி விளையாடும்போது தனியத்தான் விழுந்தேன் என்று தாயிடம் சொல்லிவிட்டார்.

"இதை எழுதினாப் போதும், அக்காவுக்கு விளங்கும்," என்றேன்.

"எழுதாதேங்கோ. எங்கள் ரெண்டு பேரைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. அது என்ர அக்காவெண்டா அவாவே எழுதட்டும். வேற ஆரும் எண்டா, பாவம், அந்தச் சனத்தை அழவைக்கக் கூடாது."

ஸ்டூடியோக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஆளை முற்றத்தில் நிற்பாட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. வாசற்கதவடியில் பக்கவாட்டாக நிற்பாட்டினார். "வெளிச்சம் நேர அடிச்சா வெட்டுத் தெரியாது. பக்கத்தால விழவேணும்," என்று எனக்கு விளங்கப்படுத்தினார். பிளாஷைப் போடவில்லை. பத்துப் பதினைந்து படம் எடுத்தார். ஒவ்வொன்றையும் கமராவின் சின்னத் திரையில் பார்த்துத் தலையை ஆட்டினார். கடைசியில், "இவ்வளவு காலமும் மறைக்கத்தான் பழகினனான். காட்டிறதுதான் கஷ்டமாக் கிடக்கு," என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நகருக்குப் போய், ஸ்டூடியோவில் படத்தை வாங்கிக்கொண்டு கணினிக்கு முன்னால் இருந்தேன். வழக்கமான அளவுக்குப் படத்தைச் சுருக்கினால் முகம் தெரிந்தது, வெட்டுத் தெரியவில்லை. சுருக்காமல் ஏற்றினால் இணைப்பு அறுந்தது. மூன்று தரம் அறுந்தது. நிலையத்துப் பொறுப்பாளர் வந்து, மற்ற ஆட்கள் காத்திருக்கினம் ரீச்சர் என்றார். காத்திருக்கட்டும் என்றேன். நான் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. பிறகுதான் மூளை வேலை செய்தது. முழு முகமும் எதற்கு? நெற்றியையும் வாயையும் வெட்டி எடுத்தேன். இரண்டு கண்ணும் இரண்டு புருவமும் மட்டும் மிஞ்சின. நாலு விரல் உயரமான துண்டு. அது ஒரே மூச்சில் ஏறியது.

புதிய பதிவாகப் போடவில்லை. அவா திரும்பி வந்தால் அந்தப் பழைய பக்கத்துக்குத்தான் வருவா. ஆகவே அதே பதிவின் மேலே வைத்தேன். கோட்டுப் போட்ட படத்தை எடுக்காமல் அதன் கீழே விட்டேன். இரண்டும் ஒரே ஆள் என்று கண்ணால் ஒத்துப்பார்க்க வேண்டுமே. நடுவில் இரண்டு வரி எழுதினேன்: "மேலே இருப்பது நேற்றுக் காலை அக்கராயனில், வீட்டு வாசலில் எடுத்தது. கீழே இருப்பது ஸ்டூடியோவில் திருத்தியது. திருத்தச் சொன்ன பிழை என்னுடையது."

அதன் பிறகு சனிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் போனேன். வீட்டில் ஏசினார்கள். சைக்கிள் ரயர் இரண்டு தரம் காற்றுப் போனது. மழைக்கு ஒரு நாள் தெப்பமாக நனைந்து போய் நின்றேன். அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமைகளில் அவரும் வந்து என் பின்னால் கதிரை போட்டு இருப்பார். நான் 'இல்லை' என்று தலையாட்டினால் எழும்பிப் போய்விடுவார். அவருடைய முதுகைப் பார்க்கும்போது எனக்கு என்மேலேயே ஆத்திரம் வரும். விடமாட்டேன், அவா வரும்வரைக்கும் இந்தக் கதிரைக்கு வருவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீடு திரும்புவேன்.

நாலாவது சனிக்கிழமையும் அவர் வந்தார். பக்கம் திறந்து, அந்தக் கண்களும் புருவமும் இறங்கி, கோட்டுக்காரர் இறங்கி, எல்லாப் பின்னூட்டங்களும் இறங்கி முடிந்த பிறகு கடைசியில் புதிதாக இரண்டு வரி வந்தது. பெயர் இல்லை. நான் வாசிக்கவில்லை. எழும்பி, என் கதிரையில் அவரை இருத்தினேன். அவர் உதடு அசைய வாசித்தார். தோளுக்கு மேலால் நானும் வாசித்தேன்.

"அம்மாவின் திதி என்ன? சைக்கிளை ஓட்டியது நான்தான் என்று கடைசியிலாவது அம்மாவிடம் சொன்னாயா?"

அவர் அழுதார். சத்தமில்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல நிமிர்ந்து இருந்து அழுதார். பக்கத்துக் கணினிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. இணைப்பு அறுந்துவிடும் என்ற பயத்தில் நான்தான் முதலில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குனிந்து கையை நீட்டி விசைப்பலகையை இழுத்தேன்.

"சொல்லுங்கோ அண்ணை, தட்டிறன்."

அவர் மாதத்தையும் திதியையும் சொன்னார். தட்டினேன். அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அவர் திரையிலிருந்த தன் புருவத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"மற்றதுக்கு, இல்லை எண்டு போடுங்கோ ரீச்சர்," என்றார். "சாகிறதுக்கு முதல் நாளும் அம்மா இந்த வெட்டைத் தடவிக் கேட்டவா, உண்மையா நீ தனியத்தான் விழுந்தனியோ எண்டு. ஓம் எண்டுதான் சொன்னனான் எண்டு போடுங்கோ."